குடும்பத்தினர் கையொப்பம்

ராயபுரம்
18.8.2024

அன்புள்ள ஷைனிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் நைனாவும் சுகம். அந்த மலைக்குளிரில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று எழுது. நவகன்னியர் இல்லத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், அதையும் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று நைனா சொன்னார். படிக்கட்டும். ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஜெர்மன் கடைசிப் பரீட்சை அக்டோபரில். விசா வந்தால் மார்ச் மாதம் அங்கே நர்ஸ் வேலையில் சேர வேண்டும். அதுவரை நைனாவோடு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் நான் விட்டுப்போன நைனா இவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையைத் தவறவிடாத மனிதர், இப்போது காலை ஐந்தரைக்கு மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கேட்டால் சைக்கிள் குழுவாம். இந்தப் பக்கத்து ஆட்கள் தாங்களே சேர்ந்து, யாரிடமும் சல்லிக்காசு வாங்காமல் நடத்துகிறார்களாம். கூட்டமாக எண்ணூர் வரை ஓட்டிக்கொண்டு போய், வழியில் டீ குடித்து, பத்து மணிக்குத் திரும்புகிறார்கள். அறுபத்து நாலு வயதில் உடம்புக்கு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டில் சைக்கிளே இல்லையே. "எங்க நைனா உன் சைக்கிளு?" என்று கேட்டேன். "அவுங்களே குடுப்பாங்கம்மா" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார். உன் கடிதம் வந்தால் என்னிடம் நீட்டி, "நீ படி, உன் கொரல்ல கேக்கறேன்" என்கிறார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "விசா எப்ப வரும்?" பெற்ற மகளை வழியனுப்ப இத்தனை அவசரமா? ஜூன் வரை நீதானே அவரோடு இருந்தாய். என்ன நடக்கிறது, எழுது.

உன் அக்கா,
ஜானட்


ஏற்காடு
9.9.2024

அன்பு அக்காவுக்கு,

மாதாவின் பிறந்தநாள் ஆசீர் உனக்கும் நைனாவுக்கும் கிடைக்கட்டும். எனக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது. தோட்டத்தில் பீன்ஸ் பறிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கை சிவந்துபோனாலும் நன்றாகத் தூக்கம் வருகிறது.

நைனா சைக்கிள் ஓட்டப் போவதை நீ தடுக்காதே. அம்மா போன பிறகு அவர் சிரித்தது அந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான். விசாவைப் பற்றிக் கேட்பது உன் நன்மைக்காக இருக்கும். வேறு அர்த்தம் எடுக்காதே.

உன்னிடம் இரண்டு உதவி. மாடிப்படி பல்பு அடிக்கடி போய்விடும், பார்த்து மாற்று. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதே. அம்மா வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கட்டும்.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
ஷைனி


ராயபுரம்
2.10.2024

அன்புள்ள ஷைனிக்கு,

சுகம். நைனாவுக்கு மட்டும் முழங்காலில் காயம், ஆறிக்கொண்டு வருகிறது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் ஹாலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பீரோவையும் ஸ்டூலையும் இடம் மாற்றியிருந்தேன். நைனா நேராக வந்து ஸ்டூலில் மோதி விழுந்தார். அதற்கு அவர் கத்தின கத்தல் இருக்கிறதே, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார். "இது யாரு வூடு? யார கேட்டு நவுத்துன?" என்றார். யார் வீடு என்று கேட்டார், ஷைனி, என்னைப் பார்த்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு சிலுவையம்மாள் அக்கா மீன் வாங்கப் போனபோது பார்த்தாளாம். "உங்க நைனா ரெண்டு சீட்டு சைக்கிள்ல ஜோடி போட்டுகினு போறாருடி. பொம்பள முன்னாடி ஓட்றா, இவரு பின்னாடி குந்திகினு சிரிச்சிகினு போறாரு" என்றாள். விசாரித்தும் சொன்னாள். பெயர் செங்கொடி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. பம்ப் ஹவுசில் ஆபரேட்டர் வேலை. புருஷன் இல்லை. "நம்ம கோயில் ஆளுகூட கெடையாது" என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

நைனாவிடம் நேராகக் கேட்டேன். "தோஸ்துங்கம்மா, எல்லாரும் தோஸ்துங்க" என்கிறார். அம்மாவின் ஜெபப் புத்தகத்தில் ஏதோ ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறார். நான் கிட்டே போனதும் புத்தகத்தை மூடிவிட்டார். அன்று மாலையே, "சீக்கிரம் கெளம்பற வழிய பாரு, இங்க இன்னா கீது உனக்கு?" என்று கேட்டார். எனக்குப் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. நீ கன்னியர் மடத்துக்கு, நான் ஜெர்மனிக்கு. வீடு காலி.

உனக்கு ஏதோ தெரியும். மறைக்காமல் எழுது.

ஜானட்


ஏற்காடு
28.10.2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நைனாவின் முழங்கால் ஆறிவிட்டதா? மருந்து போடும்போது நீயே போட்டுவிடு.

உன் கோபம் புரிகிறது. ஆனால் எவ்வளவு கோபம் வந்தாலும் அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதே. வீட்டுக்குள் வரும்போது "நைனா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வா. காபியை மேஜையில் வைக்காமல் அவர் கையில் கொடு. இதெல்லாம் சின்ன விஷயம்தான், அக்கா. செய்.

செங்கொடி அக்கா நல்ல மனுஷி. எனக்கு அவரைத் தெரியும். தப்பாக நினைக்காதே. இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

ஷைனி


ராயபுரம்
20.11.2024

ஷைனிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ மட்டுமாவது இரு.

"எனக்கு அவரைத் தெரியும்" என்று எழுதியிருந்தாய். நன்றாக இருக்கிறது. அப்பாவும் மகளும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒருத்தியைப் பார்த்துவைத்திருக்கிறீர்கள். நீ ஜூனில் நிம்மதியாக மலையேறினது எப்படி என்று இப்போது புரிகிறது.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு ஆட்டோ பிடித்து அவர்கள் பின்னாலேயே போனேன். திருவொற்றியூர் தேரடி டீக்கடையில் கூட்டமாக நிறுத்தினார்கள். இருபது பேர் இருக்கும், எல்லாம் மஞ்சள் பனியன். நான் எதிர்ப்பக்கம் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் அவள் இறங்கி சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். நைனா இறங்கி அவள் தோளில் கையை வைத்தார். அப்படியே இரண்டு பேரும் நடந்து போனார்கள். டீ கிளாசை அவளே வாங்கி, அவர் இரண்டு கைக்குள்ளும் வைத்து, விரலை மடக்கிவிட்டாள். என்னமோ சொன்னாள், அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மாவின் தோளில் கை வைத்து அவர் ஒரு நாள் நடந்து நான் பார்த்ததில்லை. இறங்காமலே ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. சாப்பாடு வைப்பேன், போய்விடுவேன். நான் உள்ளே வந்தால் போதும், "யாரு? ஜானட்டா?" என்று கேட்கிறார். தினமும். இந்த வீட்டில் வேறு யார் வரப்போகிறார்கள்? ஒருவேளை அவளாக இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறாரோ என்னவோ. நான் பதில் சொல்வதில்லை.

பரீட்சையில் தேறிவிட்டேன். ஜெர்மனியில் பதில் கேட்டிருக்கிறார்கள். பிப்ரவரி பதினைந்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்ல வேண்டும். வரவில்லை என்று எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். அம்மா இருந்த வீட்டை அவளுக்குத் திறந்துவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

ஜானட்


ஏற்காடு
12.12.2024

அன்பு அக்கா,

திருவருகைக் காலம், அதிகம் எழுத அனுமதி இல்லை. கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

அவரோடு பேசு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். திட்டவாவது செய், அக்கா. சும்மா மட்டும் இருக்காதே.

ஷைனி


ஏற்காடு
6.1.2025

பெருமதிப்பிற்குரிய திரு. கஸ்பார் அவர்களுக்கு,

புத்தாண்டில் இறை ஆசீர் தங்களோடு இருப்பதாக. தங்கள் மகள் ஷைனி நல்ல உடல்நலத்துடன் இருக்கிறாள்.

அவளுடைய கையொப்பம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. நவகன்னியர் எந்த உறுதிப் பத்திரத்திலும் கையொப்பமிடுவது எங்கள் சபை ஒழுங்கில் இல்லை. சென்ற ஆண்டு தான் கையொப்பமிட்டதாகச் சொல்லி அவள் மிகவும் அழுதாள். ஆயினும் ஒழுங்கு ஒழுங்குதான். ஆகவே படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வீட்டில் இருக்கும் மகளிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளவும்.

இந்த இல்லத்துக்கு வரும் கடிதங்களையும் இங்கிருந்து போகும் கடிதங்களையும் படிப்பது என் கடமை. அந்த வகையில் இதைத் தங்களுக்கு யார் படித்துக்காட்டுவார்கள் என்பதையும் நான் அறிவேன். அறிந்தேதான் அனுப்புகிறேன்.

கிறிஸ்துவில்,
சகோதரி ஹெப்சிபா
நவகன்னியர் தலைவி


ராயபுரம்
13.1.2025

ஷைனி,

மதரின் கடிதத்தை நைனா வழக்கம்போல என் கையில் கொடுக்கவில்லை. நான் பேசாததால் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்கவும் இல்லை. மேஜையில் வைத்துவிட்டு, "மடத்துலேர்ந்து வந்துகீது போல, தோது பட்டா பாரு" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சமையலறையில் நின்று பிரித்தேன்.

அம்மாவின் ஜெபப் புத்தகத்தில் மடித்து வைத்திருந்த காகிதம்தான் அந்தப் படிவம். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். "பின் இருக்கைப் பயணி: கஸ்பார். பார்வை நிலை: கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா). வலது கண் பார்வை முற்றிலும் இல்லை. இடது கண், நேர் எதிரில் மட்டும், மிகக் குறுகலாக. முன் இருக்கை ஓட்டுநர்: செங்கொடி. பார்வைக் குறைபாடு உள்ள பயணிகளுக்குக் குடும்பத்தினர் ஒருவரின் கையொப்பம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அவசியம்."

ஒன்பது வருடம் நர்ஸ், ஷைனி. எத்தனை பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன். ஹாலுக்குப் போய் அவருக்கு வலது பக்கம் நின்று கையை ஆட்டிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அப்புறம், "யாரு?" என்றார். கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். ஸ்டூலில் விழுந்தவரை முறைத்திருக்கிறேன். உனக்கு எல்லாம் தெரியும். போன வருடமே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். "கையில் காபி கொடு, குரல் கொடு" என்று சுற்றிச்சுற்றி எழுதினாயே, ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? தெரிந்துகொண்டே அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போனாய்?

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். ஜெர்மனிக்கும் போகப்போவதில்லை. எனக்குத் தெரியும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பேச மட்டும் ஆரம்பித்திருக்கிறேன், சாப்பாடு, தண்ணீர் என்று.

உனக்கு ஒன்றும் இல்லை, நீ ஜெபம் செய்.

ஜானட்


ஏற்காடு
25.1.2025

அக்காவுக்கு,

நீ பேச ஆரம்பித்தாய் என்று படித்ததே எனக்குப் போதும்.

நைனா சத்தியம் வாங்கிக்கொண்டார். உனக்குத் தெரிந்தால் ஜெர்மனி போகமாட்டாய், யாரிடமும் சொல்லாதே என்றார். என்னையும் அவர்தான் கிளப்பிவிட்டார். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். இதுவரை எல்லாம் உண்மை.

ஆனால் சத்தியத்துக்காக மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. உனக்குத் தெரிந்தால், "நீ திரும்பி வா, நீதான் சின்னவள், உனக்கு வேலையும் இல்லை" என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, அக்கா. இருபத்தேழு வயதில் முதல் தடவையாக எனக்கென்று ஒன்று. அதற்காக உன்னை அவரோடு தனியாக விட்டேன், நீ அவரைச் சந்தேகப்படவும் விட்டேன். இதை மதரிடம் சொன்னேன். உன்னிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

நீ வா என்றால் வருகிறேன். ஒரு வரி எழுது போதும். மதரும் அனுமதிப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஷைனி


ராயபுரம்
9.2.2025

அன்புள்ள ஷைனிக்கு,

நானும் நைனாவும் சுகம். உண்மையாகவே சுகம்.

உன் கடிதம் வந்த வாரம், "நீ வா" என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கையெழுத்து இல்லாததால் ஜனவரியிலிருந்து நைனாவைக் குழுவில் ஏற்றுவதில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று போன ஞாயிறு நானும் போனேன். அவர்கள் புறப்படும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாராம். யாரோ வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, போய்வந்த கதையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். ஒரு மாதமாக.

செங்கொடியிடம் போய், நான் ஜானட் என்றேன்.

"தெரியும்மே. நவம்பர்ல ஆட்டோல வந்து குந்திகினு இருந்தியே. உங்க நைனாகிட்ட நான் சொல்லல" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் என் புத்தியைப் பார். மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால், நான் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவள் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"தோ பாரு. மூணு மாசம் முன்னாடி நான் உங்க வூட்ட புடிக்க வந்தவ. இன்னிக்கி வூட்டு வேலைக்காரியா? ஞாயித்துக்கெழம அவுரு பின்னாடி, நான் முன்னாடி. லெப்ட்டுல பள்ளம், ரைட்டுல லாரின்னு சொல்லிகினே ஓட்டுவேன். மணலி கம்பெனி நாத்தம் காத்துல வந்தா அவுரு எனக்கு சொல்வாரு. அவ்ளோதான் எங்க சங்காத்தம். சாவிய நீயே வச்சிக்க."

நியாயமாகத்தான் பேசினாள். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் பெஞ்சுக்குப் போய் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "யாரு?" என்றார்.

"நான்தான் நைனா, ஜானட்டு. ஒரு காயிதம் கீது, படிக்கட்டா?"

படித்தேன். முதல் வரியிலிருந்து, வலது கண், இடது கண் எல்லாம். அவர் நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும், "எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"போகிக்கு முந்தியே."

"அப்போ ரெண்டு மாசம் பேசாத இருந்தியே, அது தெரிஞ்சா, தெரியாமயா?"

"தெரியாம நைனா."

"தெரியாமன்னா பரவால்ல" என்றார். "வூட்ல நீ கீறியா, வெளிய பூட்டியான்னே தெரியாது. பீரோகிட்டலாம் பேசிகினு இருந்தேன்."

என்னால் தாங்க முடியவில்லை, ஷைனி. ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் என் தலையைத் தேடிப் பிடித்துத் தடவினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, நீ ஷைனி மூஞ்ச பாப்ப, அவ உன் மூஞ்ச பாப்பா, யாரு இருக்கறதுன்னு. ஒரே வயித்துல பொறந்த பொண்ணுங்க, என்னால அந்த பேஜாரு வேணாம்னு பாத்தேன்."

நாம் சரியாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நான் ஒட்டிவைத்த கவர் அப்போது என் பையில் இருந்தது.

நான் போகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்போ அதுல கையெழுத்தும் போடாத. நானும் வூட்ல குந்திகினு, எம் பொண்ணு பொழப்ப கெடுத்தேன்னு நெனச்சிகினே கெடக்கறேன்" என்றார். கைக்கம்பு வைத்து நடக்கும் பயிற்சிக்குப் புதன்கிழமை புதன்கிழமை போய்க்கொண்டிருக்கிறாராம். அதுவும் எனக்குத் தெரியாது. யார் காபி போட்டுக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். "நானே போட்டுக்குவேன். கை சுடும், ஆறும்" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். ஜெர்மனிக்கும் வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். விசாவும் வந்திருக்கிறது. மார்ச் பன்னிரண்டு பயணம். நீ அங்கேயே இரு. உன் மேல் கோபம் தீரவில்லை, கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் இரு. மதரிடம் நான் தோத்திரம் சொன்னதாகச் சொல், இதையும் அவர்களே படித்துக்கொள்வார்கள்.

இன்று காலை ஏர்போர்ட்டுக்கு வருகிறாயா என்று நைனாவைக் கேட்டேன். "வேணாம்மா, அங்க எனக்கு எடம் தெரியாது. வாசல்லயே நின்னு கையாட்டறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ எந்தப் பக்கம் திரும்புவேன்னு மட்டும் சொல்லிட்டு ஏறு" என்றார்.

சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன் என்றேன்.

உன் அக்கா,
ஜானட்